காலையில் கத்தி, மாலையில் வீடு

"ஆபரேஷன்" என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் ஒரு தனி மகிமை உண்டு. அது காதில் விழுந்ததும் டெலிபோன் மணி ஓயாமல் அடிக்கத் தொடங்கும். அத்தை புறப்பட்டு வருவாள். பெரியப்பா ராத்திரி ரயிலில் வந்து இறங்குவார். பாட்டி மஞ்சள் துணியில் காசு முடிந்து குலதெய்வத்தின் படத்துக்கு முன் வைப்பாள். பாய், தலையணை, பிளாஸ்க், கூஜா, சொம்பு முதலிய தட்டுமுட்டுச் சாமான்களோடு குடும்பமே ஆஸ்பத்திரியில் குடியேறும். பத்து நாள் அங்கே படுத்து எழுந்தவர், பிறகு பத்து வருஷம் அந்தக் கதையைச் சொல்லிக் கொண்டிருப்பார்.

இப்படிப்பட்ட நம்மவர்களிடம் டாக்டர், "காலை ஏழு மணிக்கு வாருங்கள், மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய்விடலாம்" என்று சொல்கிறார். கேட்டவர்களுக்கு முதலில் ஏமாற்றம் உண்டாகிறது. அடுத்தபடியாக அலட்சியம் பிறக்கிறது. "அரை நாளில் முடிகிற காரியம் ஓர் ஆபரேஷனா? பல் பிடுங்குகிற மாதிரிதான் இருக்கும்!" என்று தீர்மானித்து விடுகிறார்கள். அதன் பிறகு டாக்டர் கொடுத்த காகிதத்தை யாரும் படிப்பதில்லை. அது அலமாரியில், மளிகைக் கணக்குக்கு அடியில் போய்ச் சேருகிறது.

இந்த அலட்சியத்தைப் பற்றித்தான் நேயர்களுடன் சற்றுப் பேச விரும்புகிறோம். ஒரு நாள் ஆபரேஷன் சின்ன ஆபரேஷன் அல்ல. முன்னாளில் நர்ஸும் டாக்டரும் ஆஸ்பத்திரியில் வைத்துக் கவனித்துக் கொண்ட காரியங்களில் பாதியை இப்போது வீட்டாரிடம் ஒப்படைத்து விட்டார்கள் என்பதே அதன் பொருள். கத்தி டாக்டர் கையில் இருக்கிறது. மற்றதெல்லாம் நம் கையில் இருக்கிறது. அந்த மற்றதைச் சரிவரச் செய்யாவிட்டால், எவ்வளவு கெட்டிக்கார டாக்டரின் கத்தியும் பயன்படாமல் போகலாம்.

ஓர் உதாரணம்

பேச்சு ஆகாயத்தில் நிற்காமல் இருக்க, நம் குடும்பங்களில் அடிக்கடி காணப்படும் ஒரு நோயை எடுத்துக் கொள்வோம். குடலிறக்கம், அதாவது ஹெர்னியா, எல்லோரும் அறிந்ததே. அடிவயிற்றின் சதைச் சுவரில் பலவீனமான ஓர் இடத்தின் வழியே குடலின் ஒரு பகுதி பிதுங்கி, கவட்டுப் பக்கம் வீக்கமாகத் தோன்றும். படுத்தால் உள்ளே போகும். இருமினால் வெளியே வரும். வெட்கத்தினால் வருஷக் கணக்கில் இதை மறைத்து வைத்திருப்பவர்கள் பலர். வெளியே வந்த குடல் அங்கேயே சிக்கி, ரத்த ஓட்டம் நின்று போனால் உயிருக்கே ஆபத்து. அப்போது நடு இரவில் ஓட வேண்டும். அந்த நிலை வருமுன், நாள் குறித்துச் செய்து கொள்வதே விவேகம்.

இந்த நோய்க்கு நவீன முறையில் ரண சிகிச்சையை வகுத்தவர் இத்தாலி தேசத்து எடோர்டோ பாஸினி. 1887-ஆம் ஆண்டில் அவர் தம் முறையை வெளியிட்டார். சதைச் சுவரைத் தையல் போட்டு இழுத்துக் கட்டும் முறை அது. அந்நாட்களில் தையல் விட்டுப் போகுமோ என்று பயந்து, நோயாளியை வாரக் கணக்கில் படுக்கையிலேயே கிடத்தி வைப்பார்கள். 1980-களில் அமெரிக்காவில் லிக்டென்ஸ்டைன் என்ற டாக்டர், இழுத்துத் தைக்காமல், பலவீனமான இடத்தில் செயற்கை நூலினாலான ஒரு வலையை வைத்து ஒட்டுப் போடும் முறையைப் பரப்பினார். கிழிந்த வேஷ்டிக்கு ஒட்டுப் போடும் யுக்திதான்! வலி குறைந்தது, நடமாட்டம் சுலபமாயிற்று. இன்று வேறு நோய் நொடி இல்லாத பலர் இந்த ஆபரேஷனைச் செய்து கொண்டு அன்று மாலையே வீடு திரும்புகிறார்கள்.

கிளாஸ்கோவில் ஒரு டாக்டர்

அன்றே வீட்டுக்கு அனுப்பும் இந்த வழக்கம் நேற்று முளைத்தது என்று பலர் எண்ணுகிறார்கள். அது நூறு வருஷத்துக்கும் மேற்பட்டது. ஸ்காட்லாந்து தேசத்தில் கிளாஸ்கோ நகரத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த டாக்டர் ஜேம்ஸ் நிக்கல் என்பவர் 1909-ஆம் ஆண்டில் ஒரு கணக்கை வெளியிட்டார். பத்து ஆண்டுகளில் 8,988 குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்து, ஆஸ்பத்திரியில் படுக்க வைக்காமல் அன்றன்றே வீட்டுக்கு அனுப்பியதாக அவர் கூறினார். குடலிறக்கம் உள்ள குழந்தைகளும் அவர்களில் உண்டு. கைக்குழந்தைக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலைக் காட்டிலும் தாயின் மடியே சிறந்த இடம் என்பது அவருடைய கட்சி.

இதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. நிக்கல் குழந்தைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கையைத் துடைத்துக் கொண்டு போய்விடவில்லை. அவர்கள் பின்னாலேயே நர்ஸ்களையும் வீடுகளுக்கு அனுப்பினார். கட்டைப் பார்ப்பது, தாய்க்குச் சொல்லிக் கொடுப்பது எல்லாம் அந்த நர்ஸ்களின் பொறுப்பு. ஆஸ்பத்திரி வீட்டுக்குப் போயிற்று என்றே சொல்ல வேண்டும்.

இன்று நம் வீட்டுக்கு எந்த நர்ஸும் வரப் போவதில்லை. அந்த வேலை நம் வீட்டில் யாரோ ஒருவர் தலையில் விழுகிறது. அவர் யார், அவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை ஆபரேஷனுக்கு முந்தின வாரமே தீர்மானித்தாக வேண்டும்.

மருந்துப் பெட்டியைத் திறவுங்கள்

முதல் வேலை, நோயாளி உட்கொள்ளும் மருந்துகளையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதுவது. இது சுலபம் என்று நினைக்க வேண்டாம். நம் வீட்டுத் தாத்தாவை, "என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டால், "ரத்தக் கொதிப்புக்கு ஒரு மாத்திரை, அவ்வளவுதான்" என்பார். தலையணைக்கு அடியில் பார்த்தால் வேறு கதை தெரியும். மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கின மாத்திரை ஒன்று, சித்த வைத்தியர் கொடுத்த சூரணம் ஒன்று, பிள்ளை வெளிநாட்டிலிருந்து அனுப்பிய மீன் எண்ணெய் உருண்டை ஒன்று, இரவில் தூங்குவதற்கு அரை மாத்திரை. இவையெல்லாம் அவர் கணக்கில் மருந்தே அல்ல! மயக்கம் கொடுக்கும் டாக்டருக்கோ இவை ஒவ்வொன்றும் முக்கியமானவை.

ரத்தத்தை உறையாமல் வைக்கும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற மருந்துகள் ஆபரேஷனில் ரத்தப் போக்கை அதிகமாக்கக் கூடும். இதை எங்கேயோ கேள்விப்பட்ட சிலர், தாங்களாகவே ஒரு வாரத்துக்கு முன் அவற்றை நிறுத்தி விடுகிறார்கள். இது இன்னும் பெரிய விபரீதம். இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருப்பவர் இப்படி நிறுத்தினால், அந்தக் குழாய் அடைபட்டு மாரடைப்பு வரலாம். எதை நிறுத்துவது, எப்போது நிறுத்துவது, நிறுத்தவே கூடாதா என்பதை ரண வைத்தியரும் இருதய வைத்தியரும் கலந்து பேசித் தீர்மானிக்க வேண்டும். அடுத்த வீட்டுக்காரர் தீர்மானிக்கும் விஷயமல்ல அது.

நீரிழிவுக்காரர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பட்டினி கிடக்கும் காலையில் வழக்கமான இன்ஸுலினைப் போட்டுக் கொண்டால் சர்க்கரை வெகுவாகத் தாழ்ந்துவிடும். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்ற மாத்திரைகளை ஆபரேஷனுக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே டாக்டரின் சொற்படி நிறுத்த வேண்டியிருக்கும். இல்லாவிட்டால், ரத்தத்தில் சர்க்கரை அதிகமில்லாமலே அமிலம் சேர்ந்து ஆபத்தை உண்டாக்கலாம். உடம்பு இளைப்பதற்கென்று வாரம் ஒரு முறை போட்டுக் கொள்ளும் செமாக்ளூடைட் ஊசி, வயிற்றிலுள்ள உணவு கீழே இறங்குவதைத் தாமதப்படுத்தும். பட்டினி இருந்த பிறகும் வயிறு காலியாகாமல் இருக்கலாம். ஆகையால் அதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ரத்தக் கொதிப்பு மாத்திரைகளிலோ, அன்று காலையிலும் ஒரு வாய்த் தண்ணீருடன் சாப்பிட வேண்டியவை உண்டு. விட வேண்டியவையும் உண்டு. ஒவ்வொன்றையும் கேட்டு எழுதிக் கொள்வதே வழி.

பீடி, சிகரெட், புகையிலை, மது முதலிய சமாசாரங்களும் இந்தப் பட்டியலில் சேர வேண்டும். பிள்ளைக்கும் மருமகளுக்கும் தெரியக் கூடாது என்றால், டாக்டரிடம் தனியாகச் சொல்லலாம். புகை பிடிப்பவர் நாலு வாரம் முன்பே அதை விட்டுவிட்டால், நெஞ்சுக்கும் நல்லது, புண் ஆறுவதற்கும் நல்லது. குடலிறக்கக்காரருக்கு ஓயாத இருமல் தையலின் பரம வைரி என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

ஒரு வாய்க் காபி

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான விஷயத்துக்கு வருவோம். தமிழர் வீட்டில் காலைக் காபியைத் தள்ளி வைக்கும் வல்லமை யாருக்கும் கிடையாது. "ஒன்றும் சாப்பிடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்" என்றால், "சாப்பிட வேண்டாம், ஒரு வாய்க் காபி குடித்துவிட்டுப் போ. வெறும் வயிற்றோடு எப்படிப் போவாய்!" என்று அன்போடு டம்ளர் நீட்டப்படுகிறது. அந்த அன்பான டம்ளரைப் போல் அபாயமானது அன்று அந்த வீட்டில் வேறொன்றும் இல்லை.

காரணத்தை அறிந்து கொண்டால் பிடிவாதம் தளரும். நாம் விழித்திருக்கும்போது, வயிற்றிலிருந்து எது மேலே வந்தாலும், தொண்டை தானே மூடிக் கொள்ளும். இருமல் அதை வெளியே தள்ளும். முழு மயக்கத்தில் இந்தக் காவல் தூங்கி விடுகிறது. அப்போது வயிற்றிலுள்ள உணவும் அமிலமும் மேலே வந்து, மூச்சுக் குழாய் வழியே நுரையீரலில் புகலாம். நியூயார்க் நகரத்துப் பிரசவ வைத்தியர் கர்ட்டிஸ் மெண்டல்ஸன் 1946-ஆம் ஆண்டில், மயக்க மருந்து கொடுக்கப்பட்ட பிரசவ ஸ்திரீகளில் 66 பேருக்கு இப்படி நேர்ந்ததை எழுதினார். திட உணவு மூச்சை அடைத்ததால் அவர்களில் இருவர் இறந்தனர். வயிற்று அமிலம் நுரையீரலை எப்படி எரித்துவிடுகிறது என்பதையும் அவர் விளக்கிக் காட்டினார். ஆபரேஷனுக்கு முன் பட்டினி என்ற விதி உலகெங்கும் உறுதிப்பட்டதற்கு அந்தக் கட்டுரை ஒரு முக்கிய காரணம்.

"எனக்கு முழு மயக்கம் இல்லையே, முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்யப் போகிறார்கள், அவ்வளவுதானே?" என்று சிலர் வாதிப்பார்கள். 1898-ல் ஜெர்மனியில் ஆகஸ்ட் பியர் என்பவர் தொடங்கிய அந்த முறை இன்றும் குடலிறக்கத்துக்குப் பயன்படுகிறது. ஆனால் நடுவில் அது போதாமல் போனால் முழு மயக்கம் கொடுக்க நேரும். ஆதலால் பட்டினி விதியில் மாற்றமில்லை.

பெரியவர்களுக்குப் பொதுவாக அனுசரிக்கப்படும் கணக்கு இது. பூரி, வடை, பிரியாணி போன்ற எண்ணெய்ப் பண்டங்களும் மாமிசமும் சாப்பிட்டு 8 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். இட்லி, கஞ்சி போன்ற லேசான ஆகாரத்துக்கு 6 மணி நேரம். பாலுக்கும் 6 மணி நேரம். பால் வயிற்றில் திரிந்து கட்டியாகிறபடியால் அது ஆகாரத்தோடு சேர்ந்தது. எனவே பால் கலந்த காபி தண்ணீர் அல்ல, சாப்பாடு! மோரும் அப்படியே. வெறும் தண்ணீர் மட்டும் 2 மணி நேரத்துக்கு முன் வரை குடிக்கலாம். உங்கள் டாக்டர் இதற்கு மாறாகச் சொன்னால் அவர் சொல்வதே சட்டம்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. "ஆறு மணி நேரம் நல்லதென்றால், பதினாறு மணி நேரம் இன்னும் நல்லதுதானே?" என்று, ஏகாதசி விரதம் போல் முந்தின நாள் மத்தியானத்திலிருந்தே பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காமல் கிடப்பவர்கள் இருக்கிறார்கள். இதில் புண்ணியம் ஒன்றுமில்லை. நா வறண்டு, தலை வலித்து, மயக்கம் வந்து, ஊசி போட நரம்பு கூட அகப்படாமல் போகும். குழந்தைகளையும் கிழவர்களையும் இப்படி வாட்டுவது பாவம்.

சரி, எல்லா எச்சரிக்கைக்கும் பிறகு ஒரு வாய்க் காபி உள்ளே போய்விட்டது. என்ன செய்வது? சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான். ஆபரேஷன் சில மணி நேரமோ ஒரு நாளோ தள்ளிப் போகும். லீவு வீணாகும், வாடகைக் கார் பணம் வீணாகும், டாக்டர் முகம் சுளிப்பார். நஷ்டம் இதற்கு மேல் இல்லை. "ஏதாவது சாப்பிட்டீர்களா?" என்ற கேள்விக்கு, இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று கூச்சப்பட்டு, "ஒன்றும் இல்லை" என்று சொன்னால், நஷ்டத்துக்கு எல்லை கிடையாது. நம் நாட்டில் டாக்டரிடம் மரியாதைக்காகப் பொய் சொல்லும் பழக்கம் ஒன்று இருக்கிறது. அவர் கோபித்துக் கொள்வாரே என்று பயந்து, அவருக்குப் பிடித்த பதிலைச் சொல்கிறோம். மயக்க மேஜையில் அந்த மரியாதைக்கு இடமில்லை.

நகை, நகம், சவரம்

முந்தின இரவோ அன்று காலையிலோ சோப்புத் தேய்த்து நன்றாகக் குளிக்க வேண்டும். எண்ணெய் தேய்த்துக் கொண்டு போகக் கூடாது. இருதயத் துடிப்பைக் காட்டும் ஒட்டுக்கள் எண்ணெய் மேனியில் நிற்பதில்லை. பவுடரும் வேண்டாம். கத்தி படவிருக்கும் இடத்தை வீட்டிலேயே சவரம் செய்து கொண்டு போகும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். சவரக் கத்தி கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்கி, அங்கே கிருமிகள் குடிபுக இடம் கொடுக்கிறது. உலக சுகாதார ஸ்தாபனம் 2016-ல் வெளியிட்ட விதிகளில், ரோமத்தை அகற்றவே வேண்டாம், அவசியமானால் வெட்டும் கருவியால் மட்டும் வெட்டலாம், சவரம் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது.

விரலில் மாட்டும் சிறிய கருவி ஒன்று ரத்தத்தில் பிராண வாயு எவ்வளவு என்று ஒளியினால் அளந்து காட்டுகிறது. 1974-ல் ஜப்பானில் தகுவோ அவோயாகி என்பவர் வெளியிட்ட தத்துவம் அது. நகப் பூச்சும் கருமையான மருதாணியும் அந்த ஒளியைச் சில சமயம் குழப்பி விடும். கல்யாண சீஸனில் ஆபரேஷன் செய்து கொள்ளும் பெண்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். கட்டுப் பல்லைக் கழற்றி விட வேண்டும். ஆடும் பல் இருந்தால் முன்பே சொல்ல வேண்டும்.

நகைகள் விஷயம் நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு மனத்தாங்கலை உண்டாக்கக் கூடியது. ரத்தக் குழாய்களை மின்சாரத்தால் சுட்டு அடைக்கும் கருவியை 1926-ல் பாஸ்டன் நகரத்தில் ஹார்வி குஷிங் ஆபரேஷனில் கையாண்டார். இன்று அது இல்லாத ஆபரேஷன் அறை அபூர்வம். உடம்பில் உலோகம் பட்டுக் கொண்டிருந்தால் அவ்விடத்தில் சுட்டுப் புண்ணாக இடமுண்டு. ஆகவே வளையல், மெட்டி, மூக்குத்தி எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைப்பது நலம். தாலியைக் கழற்ற மனம் ஒப்பாதவர்கள், முன்கூட்டியே டாக்டரிடம் பேசி, தங்கச் சங்கிலிக்குப் பதிலாக மஞ்சள் கயிறு கட்டிக் கொண்டு போகலாமா என்று கேட்டறியலாம். காலை ஏழு மணிக்கு ஆபரேஷன் அறை வாசலில் அழுகையும் தர்க்கமுமாக நிற்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கையெழுத்தும் கேள்விகளும்

"இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்று ஒரு காகிதத்தை நீட்டுவார்கள். நம் வழக்கப்படி மூத்த பிள்ளை அதை வாங்கி, படிக்காமல் போட்டுக் கொடுப்பார். இது சரியல்ல. புத்தி சுவாதீனமாக இருக்கும் வயது வந்த நோயாளி, ஆணானாலும் பெண்ணானாலும், தாமே படித்து, தாமே கேட்டு, தாமே கையெழுத்திட வேண்டும். உடம்பு அவருடையது அல்லவா? ஒரு காரியத்துக்குக் கொடுத்த சம்மதத்தை வைத்துக் கொண்டு, உயிரைக் காக்கும் அவசரம் இருந்தாலொழிய, வேறொரு ஆபரேஷனைச் செய்யக் கூடாது என்று 2008-ல் நம் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பளித்திருக்கிறது. என்ன செய்யப் போகிறீர்கள், செய்யாவிட்டால் என்ன ஆகும், வேறு வழி உண்டா, என்ன கெடுதல் நேரலாம் என்ற நாலு கேள்விகளைக் கூசாமல் கேட்கலாம்.

இன்ஷூரன்ஸ் வைத்திருப்பவர்கள் அதைப் பற்றியும் முன்பே விசாரிக்க வேண்டும். 24 மணி நேரம் ஆஸ்பத்திரியில் தங்கினால்தான் பணம் என்பது பொதுவான விதி. முன்னேறிய முறைகளால் ஒரு நாளுக்குள் முடியும் ஆபரேஷன்களுக்கு இதில் விலக்கு உண்டு. நம் பாலிஸியில் நம் ஆபரேஷன் அந்த விலக்கில் சேருகிறதா என்பதை எழுத்து மூலம் கேட்டு வைத்துக் கொள்வது நல்லது.

உள்ளே போனதும், "உங்கள் பெயர் என்ன? என்ன ஆபரேஷன்? வலது பக்கமா, இடது பக்கமா?" என்று ஒரு நர்ஸ் கேட்பார். சற்று நேரத்தில் இன்னொருவர் அதையே கேட்பார். பிறகு டாக்டர் வந்து அதையே கேட்டு, மையினால் அடையாளம் போடுவார். "பெயர் கூடத் தெரியாதவர்களிடமா வந்து மாட்டிக் கொண்டோம்!" என்று எரிச்சல் வரும். எரிச்சல் வேண்டாம். உலக சுகாதார ஸ்தாபனம் 2008-ல் 19 அம்சங்கள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. புது தில்லி உள்பட எட்டு நகரங்களில் அதைக் கையாண்டு பார்த்ததில், ஆபரேஷனுக்குப் பின் நேர்ந்த மரணங்கள் 100-க்கு 1.5 என்பதிலிருந்து 0.8 ஆகக் குறைந்ததாக 2009-ல் அறிவித்தார்கள். திரும்பத் திரும்பக் கேட்பது மறதியல்ல, காவல். கேட்காத இடத்தில்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

மாலையில் வீடு

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நோயாளி கண் விழித்து, பேசி, கொஞ்சம் ஆகாரம் சாப்பிட்டு, சிறுநீர் கழித்துவிட்டார். டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்கிறார். தனியாக ஆட்டோவில் ஏறிப் போய்விடலாம் என்று நினைக்க வேண்டாம். வயது வந்த ஒருவர் கூட இருந்து அழைத்துப் போக வேண்டும். அன்றிரவு முழுவதும் உடன் இருக்க வேண்டும். மயக்க மருந்தின் மிச்சம் உடம்பில் ஒரு நாள் வரை ஒளிந்திருக்கும். பேச்சுத் தெளிவாக இருந்தாலும் புத்தியும் கை கால்களும் முழுத் தெளிவுக்கு வந்திரா. ஆகவே 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது; மது கூடாது; பத்திரங்களில் கையெழுத்துப் போடக் கூடாது; அடுப்பின் அருகே நிற்கக் கூடாது.

இந்தக் கடைசி வாக்கியத்தை மீண்டும் ஒரு முறை படிக்கும்படி வீட்டு ஆண்பிள்ளைகளைக் கேட்டுக் கொள்கிறோம். குடலிறக்கம் ஆண்களுக்கு மட்டும் உரியதன்று. பல பிரசவங்களுக்குப் பிறகு தொப்புள் பக்கம் குடலிறக்கம் ஏற்பட்டு அவதிப்படும் தாய்மார் பலர் இருக்கிறார்கள். பத்து நாள் ஆஸ்பத்திரி வாசத்தில் அவர்களுக்கு ஒரே ஒரு லாபம் இருந்தது: அந்தப் பத்து நாளும் அடுப்படி இல்லை. இப்போதோ மாலை ஐந்து மணிக்கு வீடு திரும்புகிறாள்; ஆறு மணிக்கு, "ராத்திரிக்கு என்ன?" என்ற கேள்வி எழுகிறது. யாரும் அவளை வேலை செய்யச் சொல்வதில்லை என்பது வாஸ்தவமே. ஆனால் யாரும் அவளுக்குப் பதிலாக எழுந்திருப்பதும் இல்லை. அவளே மெல்லச் சுவரைப் பிடித்துக் கொண்டு சமையலறைக்குப் போகிறாள். தலை சுற்றும் உடம்பு, கொதிக்கும் சாதம், எரியும் நெருப்பு! புதுமுறைச் சிகிச்சையினால் கிடைத்த சௌகரியம், ஆஸ்பத்திரிக்குக் கட்டில் மிச்சம், கணவனுக்குப் பணம் மிச்சம், அவளுக்கு மட்டும் ஓய்வு நஷ்டம் என்று முடிந்தால் அது நியாயமாகுமா?

ஆகையால் ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும்போதே, அடுத்த சில நாட்களுக்குச் சமையல் யார், தண்ணீர்க் குடமும் காஸ் சிலிண்டரும் தூக்குவது யார், குழந்தைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புவது யார் என்பதையும் குறித்துவிட வேண்டும். பாரம் எப்போது தூக்கலாம் என்று டாக்டரைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும். மலச்சிக்கல் வராதபடி தண்ணீரும் காய்கறியும் கொடுத்து வர வேண்டும். முக்குவது தையலுக்குப் பகை. வலி மாத்திரையை, வலி உச்சத்துக்கு ஏறும் வரை பொறுத்திருந்து சாப்பிடாமல், சொன்ன நேரத்துக்குச் சொன்னபடி கொடுக்க வேண்டும். பொறுமைக்கு இங்கே பதக்கம் கிடையாது. நாலு எட்டு நடப்பது நல்லது. நாள் முழுதும் படுத்துக் கிடப்பது நல்லதல்ல.

சில குறிகளைக் கண்டால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது. சிறுநீர் கழிக்க முடியாமை, கட்டு நனையும்படி ரத்தம், நில்லாத வாந்தி, குளிர் ஜுரம், மருந்துக்கு அடங்காத வலி, மூச்சு முட்டுதல், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல் — இவற்றில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வேண்டும். ராத்திரியில் எந்த எண்ணுக்குப் பேசுவது என்று கேட்டு, பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டி வைக்க வேண்டும். பார்க்க வரும் பந்துக்களை, தயவு செய்து இரண்டு நாள் கழித்து வரும்படி சொல்லலாம். கோபித்துக் கொள்பவர்கள் கோபித்துக் கொள்ளட்டும். கல்யாணத்தில் சமாதானம் செய்து கொள்ளலாம்.

இவ்வளவும் சேர்ந்ததுதான் ஒரு நாள் ஆபரேஷன். கத்தி வேலை செய்வது ஒரு மணி நேரம் இருக்கலாம். அதற்கு முன்னும் பின்னும் வீடு வேலை செய்வது பல நாள். பணச் செலவில்லாமல் வீட்டார் செய்யக் கூடிய இரண்டு உதவிகள் உண்டு. ஒன்று, டாக்டர் கேட்டதற்கு உள்ளதை உள்ளபடி சொல்வது. மற்றொன்று, நோயாளி படுத்திருக்கும்போது மற்றவர்கள் எழுந்து நிற்பது. இந்த இரண்டும் உள்ள வீட்டுக்கு மாலையில் திரும்பி வருகிறவர் பாக்கியசாலி.